ஒரு நாள் முந்தி வந்த மாதா

மனம் செத்து மூன்று மாதமாக வலை தொடாத றெஜினோல்ட், அன்று பின்னேரம் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். கடலுக்குள் இறங்கி இனித் திரும்புவதில்லை என்று முடிவெடுத்துக் கதவைத் திறந்தால், கறுத்துக் கிடந்த குருநகர்க் கடலை மறைத்துக்கொண்டு ஸ்ரெல்லா அக்கா நின்றாள். கையில், செபமாலை மாதத்தில் வீட்டுக்கு வீடு போகும் மாதா சுரூபம்.

“உன்ரை முறை நாளைக்குத்தான். பக்கத்து வீட்டுப் பேதுரு ஆக்கள் ஊரிலை இல்லை, இண்டைக்கே பிடி. நாளைப் பின்னேரம் நீதான் அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகோணும்.”

முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் அவளுக்கில்லை, போய்விட்டாள்.

மோதிரத்தைத் தள்ளிவிட்டுச் சுரூபத்தை வைத்தான். வெளியே கடல் அவனைக் கூப்பிடுவதுபோலவே இரைந்தது. மாதாவை வெறும் வீட்டில் விட்டுப்போக யாருக்குத் துணிவு வரும்? கதவைச் சாத்தி, மெழுகுதிரி கொளுத்தி, முழந்தாளிட்டான்.

“நாளைப் பின்னேரம் வரைக்கும் இருக்கிறன், தாயே.”