போர்வையக்காவின் அளவு

சலவைக்கூடத்தில் அத்தனை பேரும் வியர்த்து ஊற்றிக்கொண்டு நிற்கும்போது ஒருத்தி மட்டும் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா? போர்வையக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில் சூப்பர்வைசரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

அவளுக்குக் குளிர் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து வந்தது. முகம் ஊதியது, முடி கொத்துக்கொத்தாக வந்தது. உட்கார்ந்தால் எழ மனம் வராது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி ஓய்ந்துபோய்விட்டது என்றார் டாக்டரம்மா.

"அது செய்யவேண்டிய வேலைய இனிமே மாத்திரை செய்யும். ஆனா உனக்கு எவ்வளவு வேணும்னு எடுத்த எடுப்புல சொல்ல முடியாது. குடுத்துப் பாத்து, ரத்தம் எடுத்துப் பாத்து, ஏத்தி எறக்கித்தான் கண்டுபிடிக்கணும். பொறுமையா இருக்கணும்."

ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரையில் ஆரம்பித்தார்கள். ரத்தம் பார்த்தார்கள், பத்தவில்லை. எழுபத்தைந்து என்றார்கள், அதுவும் பத்தவில்லை. நூறு. பிறகு நூற்றிருபத்தைந்து. மாத்திரையின் எண் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்ததே தவிர அவள் கிடந்த இடத்திலேயே கிடந்தாள்.

விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் உருளை மெஷினில் அவளுக்கு வேலை. சூடான உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஈரவிரிப்பின் ஒரு முனையை இவள் பிடிக்க, மறுமுனையை நாத்தனார் பிடிப்பாள். இரண்டு பேரும் ஒரே மூச்சில் உள்ளே கொடுக்க வேண்டும். ஒரு கை பிந்தினால் துணி கோணலாகப் போய் மடிப்பு விழுந்து வெளியே வரும். அப்புறம் மறுபடி நனைத்து, மறுபடி தேய்த்து. பிந்தியதெல்லாம் இவள் கைதான்.

"அண்ணி, முழிச்சிட்டுத்தான் இருக்கீங்களா? இல்ல, தலகாணி ஒண்ணு கொண்டாரவா?"

"கொண்டாடீ. ரெண்டாக் கொண்டா. உனக்கும் சேத்து."

சிரித்துக்கொண்டாலும் நாத்தனார் தன் பக்கத்தை இழுத்துப் பிடித்து, பிந்திய கைக்காகக் காத்திருப்பாள். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, "ஜோடிய மாத்திடலாமா?" என்று கேட்டார்.

"அண்ணிய மாத்தினீங்கன்னா எனக்கும் சேத்து ஆள் பாத்துக்குங்க சார்" என்றாள் நாத்தனார். அவர் அடுத்த மெஷினைப் பார்க்கப் போனார்.

இந்தச் சமயத்தில் பாய்லர் வெடிப்பு விட்டு நின்றுபோயிற்று. புதுசு வந்து பொருத்த மாதக்கணக்கில் ஆயிற்று. அதுவரைக்கும் ஆட்களை முன்கட்டிடத்தில் உட்காரவைத்து, கிழிந்த விரிப்புகளைப் பிரித்துத் தைக்கச் சொன்னார்கள். விடிந்து நல்லா வெளிச்சம் வந்தபிறகு போனால் போதும். அந்த நாட்களில்தான் போர்வையக்காவுக்கு உயிர் வந்தது.

முதலில் கம்பளிச் சட்டை கழன்றது. பிறகு முகம் வற்றிக் கண் பெரிதாயிற்று. ஒருத்தி ஒரு விரிப்பைத் தைக்கும் நேரத்தில் இவள் மூன்றை முடித்துவிட்டு நான்காவதற்குக் கை நீட்டினாள். வீட்டில் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கித் துடைத்தாள். "என்னடி, யாராவது சாவி குடுத்து விட்டுட்டாங்களா?" என்று கேட்டான் புருஷன். அவள் சிரித்தாள். தூக்கம் வரவில்லைதான், படியேறினால் நெஞ்சு தடதடத்ததுதான். போகட்டும், எத்தனை நாள் தூங்கிக் கிடந்தாயிற்று!

புது பாய்லர் வந்தது. மறுபடியும் உருளை, மறுபடியும் அதே ஜோடி. இப்போது பிந்தியது நாத்தனார் கை. முனையைச் சரிசெய்வதற்குள் இவள் உள்ளே தள்ளிவிடுவாள்.

"கொஞ்சம் நில்லுங்க அண்ணி!"

"நின்னது போதும். கைய வேகமாப் போடு."

அப்படித் தள்ளியதில் ஒருநாள் துணி நாத்தனாரின் விரலைச் சுற்றிக்கொண்டு உருளைக்குள் போனது. அவள் அலறி, மெஷினை நிறுத்தும் விரல்காப்புத் தட்டை முட்டியால் இடித்தாள். மெஷின் நின்றது. விரல் நுனி உருளையைத் தொட்டுச் சிவந்து தோல் வழன்றிருந்தது. இன்னும் ஒரு சுற்று போயிருந்தால் விரல் இருந்திருக்காது.

நாத்தனார் இவளைத் திட்டவில்லை. விரலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சூப்பர்வைசரைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு வேற ஜோடி குடுங்க சார். நான் அண்ணிகூட நிக்க மாட்டேன்."

அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா போர்வையக்காவைக் கையை நீட்டச் சொல்லி, புறங்கையின்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் காற்று பட்டதுபோல் நடுங்கியது. ரத்த முடிவைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"போன தடவையும் இதே நூத்தியிருபத்தஞ்சுதான். அப்போ பத்தல. இப்போ தலைக்கு மேல போயிடுச்சு. நடுவுல என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறலியேம்மா. தினமும் வெறும் வயித்துலதான் போடறேன்."

"எங்க வச்சிருக்க?"

"பாய்லர் நின்னதிலேர்ந்து வீட்டு அலமாரியில. முன்னாடி வேலை எடத்துல. இருட்டோட கெளம்பிடுவேன், அங்க போய்த்தான் போடுவேன். கை ஈரமா இருக்கும், அட்டையிலேர்ந்து பிதுக்க வராது. அதனால மொத்தத்தையும் பிரிச்சு ஒரு டப்பாவுல போட்டு, பாய்லர் குழாய் மேல வச்சிருந்தேன்."

"குழாய் மேலயா? ஏன்?"

"குளிருக்குத்தானே மாத்திரை? சூடா இருந்தா நல்லாக் கேக்கும்னு."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது. "சூடும் ஈரமும் பட்டா இந்த மாத்திரையில சத்து போயிடும். எவ்வளவு போச்சுன்னு எனக்கே தெரியாது. நான் ஏத்தி ஏத்திக் குடுத்ததெல்லாம் உனக்கு வரல, பாய்லருக்குப் போயிருக்கு. இதை நான் அப்பவே கேட்டிருக்கணும்." சில நாள் மாத்திரையே வேண்டாம், அப்புறம் எழுபத்தைந்து என்று எழுதினார்.

"எறக்காதீங்கம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "திரும்ப அந்தச் சேத்துக்குள்ள போயிடுவேன். இப்பத்தான் நான் நானா இருக்கேன்."

"இது நீ இல்ல. உன் நெஞ்சு உன்னைத் தூக்கிட்டு ஓடுது. எத்தனை நாளைக்கு ஓடும்?"

வீட்டில் பழைய அட்டையும் புது அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. யாருக்குத் தெரியப்போகிறது? வேகமாக இருந்தபோதுதான் ஆள் என்று மதித்தார்கள். மெதுவாக இருந்தபோது போர்வை என்றார்கள்.

ஆனால் ஒரு நினைப்பு அவளை விடவில்லை. நாத்தனார் விரல் உள்ளே போன அந்த நொடியில் தனக்குப் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. எரிச்சல்தான் வந்தது. சனியன், வேலையை நிறுத்திவிட்டாளே என்று. தனக்காக எத்தனை விரிப்புகளைத் தாங்கிப் பிடித்த கை அது! அப்படி எரிச்சல்பட்டவளா நான்? படுத்துக் கிடந்தவளும் நானில்லை, ஓடினவளும் நானில்லை என்றால், நான் எங்கேதான் இருக்கிறேன்? தன் உடம்பைக் கேட்டால் தெரியும் என்று இருந்தாள். இரண்டு தடவையும் அது பொய் சொல்லிவிட்டது.

பழைய அட்டையை மருந்துக்கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அவளே போய்ச் சூப்பர்வைசரிடம் அழுக்குத்துணி பிரிக்கும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரும் போகப் பிடிக்காத இடம். அங்கே நின்றுகொண்டு வாரங்களை ஓட்டினாள். தூக்கம் திரும்பியது. சில நாள் கால் கனத்தது, ஐயோ வந்துவிட்டதே என்று பயந்தாள். மறுநாள் அது போயிருந்தது. ரத்தம் கொடுத்தாள். டாக்டரம்மா முடிவைப் பார்த்து, "கிட்டத்தட்ட வந்துட்டோம். இதே அளவு போகட்டும், அடுத்த தடவை பாத்து உறுதி பண்ணிக்கலாம்" என்றார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலியேம்மா. நல்லாயிருக்கேனா இல்லையான்னே தெரியல."

"அப்படின்னா பயப்படாம போ."

உருளைப் பக்கம் வந்து நின்றாள். நாத்தனாரோடு புது ஜோடியாக நின்ற பெண் அன்று வரவில்லை. நாத்தனார் தனியாக ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். விரல் ஆறி, நகத்தடியில் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. இவள் மறுமுனையை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன, வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

"நீ சொன்னாத்தான் தொடுவேன்."

"சொல்லணுமாக்கும்! இதுக்கு வெத்தலை பாக்கு வேற வைக்கணுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு முனையை உதறினாள். "பிடிங்க. நான் எண்ணுவேன். எண்ணினப்புறம்தான் விடணும்."

இவள் பிடித்தாள். நாத்தனார் எண்ணினாள். விரிப்பு உள்ளே போனது.

"மெதுவா."

"மெதுவாத்தான் விடறேன்."

"அவ்வளவு மெதுவா வேணாம் அண்ணி."

அடுத்த விரிப்பை இருவரும் குனிந்து எடுத்தார்கள். இந்தத் தடவை நாத்தனார் எண்ணவில்லை.