எட்டுக் கை ரவிக்கை

1911ஆம் வருஷத்து நவராத்திரியில், மைசூர்க் கோட்டையை அடுத்த அக்ரகாரத்தில், குமாஸ்தா கேசவமூர்த்தியின் மனைவி யதுகிரிக்கு எட்டுக் கைகள் முளைத்தன. அந்த வீட்டில் அது பெரிய சேதியில்லை. கொலுவின் மேல்படியில் எந்தப் பெண் பொம்மை முதலில் ஏறுகிறதோ, வீட்டு மாட்டுப்பெண் அதுவாகிவிடுவாள். விஜயதசமி சாயங்காலம், ஏற்றிய கையே பொம்மையைப் படுக்க வைத்தால் பழையபடி ஆவாள். சீதை ஏறிய வருஷம் யதுகிரியை நெருப்புச் சுடவில்லை. மாமியார் பத்மாஸினி அவளை வெறுங்கையால் அப்பளம் பொரிக்கச் சொன்னாள். துலுக்க நாச்சியார் ஏறியபோது முக்காடு போட்டுக்கொண்டு உருதுவில் பெருமாளை அழைத்தாள். விக்டோரியா மகாராணி ஏறிய ஒன்பது நாளும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. கேசவமூர்த்தி நின்றுகொண்டேதான் பேசினான்.

யதுகிரியின் பயமெல்லாம் உக்கிராண அறையில் இருந்தது. பிள்ளை பெறாத மூத்தாள் வகுளா அங்கே செம்மரமாக நின்றாள், பக்கத்தில் அவளுடைய மரப்பாச்சி. ஆறு வருஷத்துக்கு முன் மேல்படியில் ஏற்றிய அதைப் பத்மாஸினி படுக்க வைக்கவில்லை. மறந்துபோச்சு என்று ஊருக்குச் சொன்னாள். வகுளாவின் தோளில் ஊறுகாய்த் துணி காய்ந்தது. மழைக்காலத்தில் மரக்கண் கசியும்.

யதுகிரிக்கும் பிள்ளையில்லை. கொலுவுக்கு முதல்நாள் மாமியாரின் பெட்டியைத் துடைக்கப்போனவள், உள்ளே சாமராஜநகர்ப் பெண்ணொருத்தியின் ஜாதகத்தையும் புது மரப்பாச்சி ஒன்றையும் கண்டாள். அன்று முழுக்கத் தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

மறுநாள் பத்மாஸினி குளித்து வருவதற்குள், சந்தையில் வாங்கிய மண் சாமுண்டியை மேல்படியில் ஏற்றிவிட்டாள்.

"ஐயங்கார் ஆத்துல சாமுண்டியாடீ?"

"கைக்குக் கிடைச்சதை வச்சேம்மா." சொல்லும்போதே தோள் வலித்தது. கைகள் வந்தன, ஒன்றில் வாளோடு.

விஜயதசமி ஆரத்தி முடிந்ததும் யதுகிரி வாசலை மறித்து நின்றாள். எட்டுக் கையில் பத்மாஸினிக்கு வாள் பிடித்த கை மட்டும்தான் தெரிந்தது.

"அக்காவோட பொம்மையைப் படுக்க வையுங்கோ. அப்புறம் நான் இதைப் படுக்க வைக்கறேன்."

"அவ எழுந்தா என்னைச் சும்மா விடுவாளாடீ?"

"தெரியாதும்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

பத்மாஸினி படுக்க வைத்தாள். வகுளா வெளியே வந்து, தோள் துணியை மடித்து வைத்துவிட்டு, பசிக்கிறது என்றாள். யதுகிரி கொலுவண்டை போனாள். புது மரப்பாச்சி இன்னும் பெட்டியில் இருந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

மறந்துபோச்சு என்று அவளும் ஊருக்குச் சொன்னாள். ஜாதகம் சாமராஜநகருக்கே திரும்பிப் போயிற்று. அடுத்த வாரம் தையற்காரர் எட்டுக் கை ரவிக்கைக்கு ஒரு முழம் துணி கூடுதலாகக் கேட்டார், கொடுத்தார்கள்.