ஊர் பேர் மட்டும்

ஒன்பதாவது டேக்கிலும் காமாக்ஷி அக்காவுக்கு அந்தக் கேள்விக்கு வாய் வரவில்லை. சமையலறை வாசலில் கையில் கிண்ணத்தோடு நின்று, "சக்கரை இருந்தா கொஞ்சம் தா" என்பது வரை சரியாகச் சொன்னார். அடுத்தது, "அவரு எப்ப வர்றாராம்?" அந்த இடம் வந்ததும் அவர் பார்வை, நடிக்கும் பெண்ணை விட்டுவிட்டு, கேமராவுக்குப் பின்னால் சுவரோரம் நின்ற நிஸாவின் அம்மாவிடம் போய்த் திரும்பிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. "கட்" என்றான் சுதீர். அவன் குரலில் கோபமில்லை. கோபப்படுகிற தெம்பு மத்தியானமே தீர்ந்துபோயிருந்தது. இப்போது மணி மூன்றரை.

நிஸா ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினாள். காதுமடல்கள் எரிந்தன. காலை எட்டு மணியிலிருந்து அந்தத் தெருவின் அத்தனை சத்தமும் அவள் காதுக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு குக்கர், சந்தில் கிரிக்கெட் விளையாடும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமையும் பஜார் ரோட்டில் திரும்ப இடமில்லாமல் உறுமும் ஒரு லாரி. ஒவ்வொன்றுக்கும் கை தூக்கிப் படப்பிடிப்பை நிறுத்தியவள் அவள்தான். ஒவ்வொரு முறையும் மற்ற இருவரும் அவளைப் பார்த்த பார்வை, லாரியை ஓட்டியதே அவள்தான் என்பதுபோல் இருந்தது.

மூன்று பேரும் எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் கடைசி வருஷம். நான்கு பேர் சேர்ந்து பத்து நிமிஷப் படம் ஒன்று எடுத்துத் தரவேண்டும். நான்காமவன் சஃப்வானுக்கு முதல் நாளே காய்ச்சல். வாட்ஸாப்பில் அவ்வப்போது கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். ஆகவே இயக்கமும் கேமராவும் சுதீர் தலையில் விழுந்தன. நடிப்பு, திருப்பூணித்துறையிலிருந்து வரும் ஸாதனா. கதையும் ஒலிப்பதிவும் நிஸா. மூவர் வீட்டிலும் தமிழ்தான் பேச்சு என்பதால் படமும் தமிழில். ஆனால் நிஸா கதையை எழுதியது மலையாள எழுத்தில். தமிழ் எழுத்து அவளுக்குக் கடைப்பலகை வாசிக்கிற அளவுக்குத்தான் வரும்.

கதை சின்னது. வெளியூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அது தெரிந்தும் அவன் மனைவி, கேட்பவர்களிடமெல்லாம் 'பெருநாளுக்கு வந்துருவாரு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் இதை வாசித்துக் காட்டியபோது நல்ல கற்பனை என்று எல்லோரும் சொன்னார்கள். நிஸா மறுக்கவில்லை. கும்பளங்கியில் சுதீரின் மாமா வீட்டில் படம் எடுப்பதாக ஏற்பாடு. அம்மாவுக்குத் தெரியாமலே முடிந்துவிடும் என்ற தைரியத்தில்தான் அவள் அதை எழுதியதே.

நேற்று அந்த வீட்டில் உறவுக்காரர்கள் கூட்டமாக வந்து இறங்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை படத்தைக் கொடுத்தாக வேண்டும். "உன் வீடு மட்டாஞ்சேரிதானே? ஒரு கிச்சன் இருந்தா மதி, போதும்" என்றான் சுதீர் போனில். மறுக்க ஒரு காரணம் கண்டுபிடிப்பதற்குள் ஸாதனா சரி என்று செய்தி போட்டுவிட்டாள்.

அம்மா சகீலா சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிறவள். ஆறு நாளும் நின்றபடியே வேலை. ஓய்வெடுக்க இருந்த ஒரு நாளில் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பிள்ளைகளுக்குப் பத்திரி சுட்டு வைத்தாள். "வீட்டுப் பொம்பளையாத்தானே நடிக்கிறே? சுடிதார் சரிவராது மோளே" என்று தன் நைட்டி ஒன்றை ஸாதனாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு சுவரோரமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். மூன்றாவது டேக்கின்போது அவள் கை நின்றதை நிஸா கண்டாள். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, அதன் பின் எழுந்து நின்றுகொண்டாள். இரண்டு தடவை சாயா போட்டுக் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணாக நடிக்க வரவேண்டியவள் வரவில்லை. வாசலில் எட்டிப் பார்த்த அடுத்த வீட்டுக் காமாக்ஷி அக்காவைச் சுதீர் பிடித்துக்கொண்டான். அவரும் முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு உற்சாகமாகத்தான் வந்தார். ஆறு வருஷமாக இதே வாசலில் நின்று இதே கேள்வியைக் கேட்டவர். பெருநாளுக்கு முன்னால், விஷுவுக்கு முன்னால், மழை பிடிக்கும் முன்னால். பள்ளிக்கூடம் போகிற நாளில் நிஸாவுக்கு அவரைப் பிடிக்காமல் போனதே அந்தக் கேள்வியால்தான்.

"அஞ்சு நிமிஷம் பிரேக்" என்றான் சுதீர்.

காமாக்ஷி அக்கா கிண்ணத்தோடு பின்பக்கம் போனார். அம்மாவும் பின்னால் போனாள். அவர் புடவையில் குத்தியிருந்த சின்ன மைக்கைக் கழற்ற வேண்டுமென்று நிஸாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அது இன்னும் ஓடுகிறதா என்று பார்க்க ஹெட்ஃபோனைக் காதுக்கு ஏற்றினாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் வந்தது.

"என்னால முடியாதுடி சகீலா. வேற யாரையாச்சும் கூப்பிடச் சொல்லு."

"என்னக்கா இது? நீங்க கேக்காததா?"

"அது வேற. எனக்குத் தெரியும்டி. எம் மருமகன் திருப்பூர் போனப்ப உன் ரஷீதைப் பாத்திருக்கான். தோள்ல ஒரு சின்னப் புள்ளையோட. நாலு வருஷம் ஆச்சு."

குழாய் நின்றது.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்க்கா."

"அப்பறம் ஏன்டி எங்கிட்டயே..."

"நீங்க கேக்கறீங்க, நான் ஒண்ணு சொல்றேன். கேக்காம விட்டிருந்தீங்கன்னா நானாவே வந்து எல்லாத்தையும் சொல்லியிருக்கணும்ல? எப்பவும்போலக் கேளுங்க. புள்ளைங்க காலையிலேர்ந்து நிக்குதுங்க."

"உம் மக எழுதினதாமே."

"ஆமா. நல்லாத்தான் எழுதியிருக்கா." அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம், அல்லது முந்தானை மைக்கில் உரசியது. "ஊர் பேரை மட்டும் அப்படியே போட்டுட்டா. அது வேண்டாமாயிருந்துச்சு. கிடங்குல எல்லார் போன்லயும் வரும். போகட்டும். இனி அவகிட்ட என்னத்தைச் சொல்ல."

ஹெட்ஃபோனை எப்போது வேண்டுமானாலும் கழற்றியிருக்கலாம். நிஸா கழற்றவில்லை. அத்தாவைப் பற்றி அம்மா ஒரு வாக்கியம் பேசி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. தனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது என்றே இவ்வளவு நாளும் இருந்துவிட்டாள். கையிலிருந்த கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

பத்தாவது டேக். காமாக்ஷி அக்கா வந்து நின்றார். சர்க்கரை டப்பாவைப் பார்த்தபடியே, மழை வருமா என்று கேட்கிற மாதிரி, "அவரு எப்ப வர்றாராம்?" என்றார். அந்தச் சாதாரணத்தில் ஸாதனாவே ஒரு கணம் தடுமாறிவிட்டாள். அந்தத் தடுமாற்றத்தோடு நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "திருப்பூர்ல இப்ப வேலை ஜாஸ்திக்கா. பெருநாளுக்கு வந்துருவாரு" என்றாள். சுதீர் 'கட்' சொல்ல மறந்துபோனான். பிறகு, "அடிபொளி!" என்று கத்தினான். ஸாதனா அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நாள் முழுக்க அந்த வீட்டில் இல்லாத ஒரு சிரிப்பு எழுந்தது. அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்பருகே திரும்பிக்கொண்டாள்.

நிஸா மூலையில் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரையில் கடைசியாக இரண்டு பதிவுகள். ஒன்று நாலு நிமிஷம், குழாயடிப் பேச்சு. மற்றது நாற்பது நொடி, இன்று நாளெல்லாம் அவர்கள் காத்திருந்தது. கட்டைவிரல் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. முதலில் ஒன்றை அழித்தாள். பிறகு மற்றதையும்.

"சுதீர், ரெக்கார்ட் ஆகலை."

"எந்தா?"

"அமுக்கிட்டேன்னு நினைச்சேன். அமுக்கலை."

சுதீர் ஸ்டூலில் உட்கார்ந்தான். "கேமரா மைக்ல இருக்கும்ல?"

"அதுல தெருச் சத்தம்தான் இருக்கும்."

"டப் பண்ணிக்கலாம்."

"காமாக்ஷி அக்காவை உக்காத்தி வச்சு டப் பண்ணப் போறியா?"

அவன் காமாக்ஷி அக்காவைப் பார்த்தான். அவர் புடவைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நிஸா, உனக்கு இன்னைக்கு ஒரே ஒரு பணிதான் இருந்துச்சு" என்றான். அதை அவன் கத்திச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னொண்ணு. திருப்பூர்னு சொல்லவேண்டாம். அந்த 'ப்' மைக்ல வெடிக்குது. மதுரைன்னு சொல்லு."

ஸாதனா தரையிலிருந்தபடியே நிமிர்ந்தாள். "இத்தனை நேரம் வெடிக்கலையா?"

"வெடிச்சுது. நான் சொல்லலை."

ஸாதனா அவளையே பார்த்தாள். பிறகு அவள் பார்வை அடுப்பருகே முதுகு காட்டி நின்ற அம்மாவிடம் போனது, அங்கிருந்து தான் உடுத்தியிருந்த நைட்டிக்கு வந்தது. அதன் கையின் தையல் பிரிந்த இடத்தை விரலால் தடவினாள். "சரி" என்றாள். "மதுரை." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பழைய டேக் திரும்ப வரவில்லை. காமாக்ஷி அக்கா களைத்துவிட்டார். ஸாதனாவின் சிரிப்பு ஒரு நொடி முன்னாலேயே வந்துவிட்டது. முதல் தடவை 'மதுரை' என்று கேட்டபோது, சாயா வடிகட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள். நிஸா கருவியின் முகப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் பழுப்பேறத் தொடங்கியதும், "மதி. ஓகே" என்றான் சுதீர். யாரும் கை தட்டவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றாள் நிஸா. "ரூம் சத்தம் மட்டும் தனியா எடுக்கணும். எடிட்டிங்ல வெட்டுற இடத்துக்கெல்லாம் வேணும். எல்லாரும் நிக்கிற இடத்துலயே நில்லுங்க. பேசக்கூடாது. அசையக்கூடாது."

"நானுமா?" என்றாள் அம்மா. இன்று மகளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"நீங்களும்தான்ம்மா."

அம்மா கதவு நிலையில் தோளைச் சாய்த்து நின்றாள். நிஸா மைக்கை உயர்த்தி, மற்றக் கையையும் தூக்கினாள். எல்லாரும் நின்றார்கள். சந்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். குழாயிலிருந்து ஒரு சொட்டு. ஸாதனாவின் வயிறு மெல்ல இரைந்தது. தூரத்தில் படகு ஒன்று ஹாரன் அடித்து அடங்கியது. அதற்கெல்லாம் அடியில் ஒரு மூச்சு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் ஆழ்ந்து வந்தது. நிஸா திரும்பிப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள். நின்றபடியே தூங்கிவிட்டிருந்தாள்.

ஒரு நிமிஷம் முடிந்தது. சுதீர் புருவத்தை உயர்த்தினான். நிஸா கையை இறக்கவில்லை. ஒன்று இருபது. ஒன்று நாற்பது. சுதீர் வாயைத் திறக்கப் போனபோது ஸாதனா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். காமாக்ஷி அக்கா, அசையக்கூடாது என்று சொன்னதால், வெறும் கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கருவியின் முகப்பில் பச்சைக் கோடு அந்த மூச்சோடு மெல்ல எழுந்து, மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.