திருவொற்றியூர் மரக்கிடங்கில் ஒரு புல்டாக் எறும்பு

கார்குழலி பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு அந்தப் படம் வந்தது. விம்கோ நகர் தாண்டி இருக்கும் மரக்கிடங்கின் மேற்பார்வையாளர் அனுப்பியிருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கிய பைன் மரங்களின் மேல் ஒரே ஓர் எறும்பு. அதற்கு ரம்பம் போல நீண்ட இரண்டு தாடைகள், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்கள். வாயில் நுரையோடு அவள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

துறைமுகத்துப் பூச்சிப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருட வேலை. கப்பல் சரக்கோடு வெளிநாட்டுப் பூச்சி எதுவும் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்திருந்தால் இன்னது என்று பெயர் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடமும் அரிசி வண்டு, பருப்பு வண்டு, மறுபடியும் அரிசி வண்டு. அந்த வண்டுகளின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், அதில் யாருக்கு என்ன பெருமை? இந்தப் படத்தில் அவள் கண்ட புல்டாக் எறும்பு அப்படியில்லை. அந்த வம்சத்தில் தொண்ணூற்றுச் சொச்சம் இனங்கள். நியூ கலிடோனியாத் தீவில் இருக்கும் ஒன்றைத் தவிர எல்லாமே ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். அதில் ஒன்று சென்னையில் வந்து இறங்கியது என்றால், அதை முதலில் கண்டுசொன்னவள் வியாசர்பாடி கார்குழலி என்று ஆராய்ச்சி இதழில் அச்சாகும். அவளுக்கு அது வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, ரொம்பவே வேண்டும்.

உடனே மேலதிகாரி அலி அக்பரைக் கூப்பிட்டாள். "புல்டாக்தான் சார். சந்தேகமே இல்ல."

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லாதே என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் விரலை ஆட்டி ஆட்டி அவளே சொல்லும் பாடம். அன்று காலை அது எங்கே போயிற்றோ தெரியவில்லை. அலி அக்பர் சட்டப்படி நடக்கிற மனிதர், அரை மணி நேரத்தில் கிடங்குக்கு உத்தரவு போய்விட்டது. மூன்று வாரம் ஒரு கட்டை அசையக் கூடாது, எல்லாவற்றுக்கும் புகை மருந்து போட வேண்டும்.

அவள் ஆட்டோவில் போய் இறங்கியபோது கிடங்கின் வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே நாற்பது சுமைதூக்கும் தொழிலாளர்கள் குந்தியிருந்தார்கள். நடுவில், வீங்கிய கையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ராயபுரம் சவரிநாதன் உட்கார்ந்திருந்தார். எறும்பு கொட்டியது அவரைத்தான். அவர் முகத்தைப் பார்த்தால் கொட்டு வாங்கியவர் போலத் தெரியவில்லை, விருது வாங்கியவர் போலத்தான் தெரிந்தது.

"வா மேடம்! ஆஸ்திரேலியா எறும்பு நம்பளக் கடிச்சிகீது, தெரியுமா? கோயிலாண்ட ஃபாதர் வரைக்கும் சொல்லியாச்சு."

"எறும்பு எங்கண்ணா?"

அவர் பெஞ்சைக் காட்டினார். டீ கிளாஸ் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உள்ளே எறும்பு உயிரோடு இருந்தது, திடீரென்று எம்பிக் குதித்துக் கண்ணாடியில் முட்டியது.

கார்குழலி கிளாஸின் அருகே குனிந்தாள். புல்டாக் பெரும்பாலும் குதிக்காதே! அடுத்த நொடியே தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். புல்டாக்கிலும் குதிக்கிற வகை உண்டு, டாஸ்மேனியாவில் இல்லையா? உண்டுதான்.

"கொஞ்ச நேரம் அசையாம இருந்தாத்தான் பாக்க முடியும். ஐஸ் கிடைக்குமா?"

வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்த சவரிநாதனின் மனைவி சிலுவையம்மாள், வஞ்சிரத்தின் அடியிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளித் தட்டில் கொட்டினாள். "மீனுக்கு வாங்கின ஐஸு, இன்னிக்கு எறும்புக்கு!" என்று சிரித்தாள். தட்டின் மேல் கிளாஸை வைத்ததும் ஐந்து நிமிடத்தில் எறும்பு கால்களை மடக்கி ஓய்ந்தது. கார்குழலி கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்தாள். நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இடுப்பில் புல்டாக்குக்கு இரண்டு கணு இருக்கும். எண்ணினாள். ஒன்று. லென்ஸைத் துடைத்துவிட்டு எண்ணினாள். ஒன்றுதான். மூன்றாம் தடவை ஊசி முனையால் திருப்பிப் போட்டு எண்ணினாள். எத்தனை தடவை கெஞ்சினாலும் எறும்புக்கு இன்னொரு கணு முளைக்கப் போவதில்லை. தாடைகளும் நுனியில் மேல்நோக்கி வளைந்திருந்தன. இது நம் தென்னாட்டு மலைகளில் இருக்கிற குதிக்கும் எறும்பு. இரண்டும் பெரிய கண், நீளத் தாடை என்று ஒரே முகஜாடையில் இருக்கும். ஆனால் சொந்தம் கிடையாது, துணைக்குடும்பமே வேறு. ஜாடையைப் பார்த்து ஏமாந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு பொல்லாத எண்ணம் வந்தது. இந்த எறும்பைக் கெடாமலிருக்கச் சாராயக் குப்பியில் போட்டு டெல்லி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டால், அங்கே யாராவது எண்ணிப் பார்க்கப் பத்து நாளாகும். பத்து நாள் அவள்தான் புல்டாக் கார்குழலி. தலையை நிமிர்த்தினாள். எதிரே மூன்று வாரக் கூலியை இழக்கப்போகிற நாற்பது பேர்.

அலி அக்பரைக் கூப்பிட்டாள். "சார், காலையில நான் சொன்னது தப்பு. இது உள்ளூர் எறும்பு."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "உள்ளூர்னா மலையில இருக்கணும். கப்பல்ல வந்த மரத்து மேல எப்படி வந்துச்சு? அதுக்குப் பதில் இல்லாம கயிறை அவுக்க முடியாதும்மா."

நியாயமான கேள்வி. கார்குழலி திரும்பி, "அண்ணா, இது கூடலூர், வால்பாறை பக்கத்து எறும்பு. இங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

சவரிநாதனுக்கு முகம் விழுந்துவிட்டது. "லோக்கலா?" என்றார் ஈனக்குரலில். பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு நிமிடம் கழித்து அவரே நெற்றியில் அடித்துக்கொண்டு எழுந்தார். "அட, அடிக்கட்டை!"

பெரிய மரங்களை யாரும் வெறும் தரையில் கிடத்துவதில்லை. கிடத்தினால் தூக்குவதற்குச் சங்கிலியை அடியில் நுழைக்க முடியாது. அதனால் குறுக்கே மட்டமான கட்டைகளைப் போட்டு, அதன் மேல்தான் அடுக்குவார்கள். அந்தக் கட்டை எந்தக் காகிதத்திலும் வராது, எந்த அதிகாரியும் கேட்கமாட்டார். கேட்க வேண்டும் என்று அவளுக்கும் பன்னிரண்டு வருடமாகத் தோன்றியதில்லை.

"போன வாரம் அடிக்கட்டைக்குன்னு ஒரு லோடு வந்துச்சு மேடம். கூடலூர் எஸ்டேட்டு மரம். வேரு, மண்ணு அல்லாத்தோட அப்டியே வெட்டி ஏத்திகினு வந்துட்டானுங்க."

கயிற்றுக்குக் கீழே குனிந்து இருவரும் உள்ளே போனார்கள். மூன்றாவது அடுக்கின் அடியில், காய்ந்த செம்மண் ஒட்டிய வேர்க்கட்டை ஒன்று கிடந்தது. மண்ணில் ஒரு துளை. சவரிநாதன் துடைப்பக் குச்சியை உள்ளே விட்டதுதான் தாமதம், இன்னொன்று எகிறிக் குதித்து வெளியே வந்தது. அவர் அதைவிட உயரமாகக் குதித்தார்.

வேர்க்கட்டையைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு, அலி அக்பருக்குப் படமும் விவரமும் அனுப்பினாள். "அடையாளம் கண்டதில் பிழை. பிழை என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பத்து நிமிடத்தில் அனுமதி வந்தது. கயிற்றை அவிழ்த்ததும் கிரேன் உறுமியது, ஆட்கள் விசிலடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். சிலுவையம்மாள் ஒரு கூறு நெத்திலியைப் பையில் போட்டு அவள் கையில் திணித்தாள்.

சவரிநாதன் மட்டும் ஓடவில்லை. "ஏம்மா, எங்க பொழப்பத் திருப்பிக் குடுத்துட்டு நீ ஏன் எழவு விழுந்த மாதிரி நின்னுகினு கீற? வேலைக்கு எதுனா பேஜாரு ஆவுமா?"

"அதெல்லாம் இல்லண்ணா." அவளுக்கு மறைக்கத் தெம்பில்லை. "பன்னெண்டு வருஷமா அந்த ஆஸ்திரேலியா எறும்புக்குத்தான் காத்துகினு கீறேன். ஒருநாள் வரும், நாமதான் பேரு சொல்வோம்னு."

அவர் வீங்கிய கையைச் சொறிந்துகொண்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னாம்மா நீ! அது வராம கீறதுக்குத்தானே உன்னிய இங்க ஒக்கார வெச்சிகீறாங்க?"

கார்குழலி மனதுக்குள் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு வருடம், எத்தனையோ கப்பல், ஒரு புல்டாக் எறும்புகூட வரவில்லை. அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. வேர்க்கட்டைச் சாக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எண்ணூர் துறைமுகத்துக்கு அடுத்த கப்பல் எத்தனை மணிக்கு என்று அலி அக்பருக்குப் போன் போட்டாள்.