தொழில் என்ற இடத்தில்

அழகுமலை தட்டை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய், கைகளைப் பின்பக்கம் கட்டிக்கொண்டு நின்றார். வெள்ளை மேல்கோட்டு, தலையில் வெள்ளைத் தொப்பி. புருஷன் நிற்க, தான் உட்கார்ந்து சாப்பிடுவது கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ராக்கம்மாவுக்கு இதுவே முதல் தடவை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். சுற்றி எல்லா மேசையிலும் ஆட்கள் இருந்தார்கள்.

"நீங்களும் ஒக்காருங்க" என்றாள் மெதுவாக.

"டூட்டியில இருக்கேன்ல" என்றார் அவர். "நீ சாப்புடு."

தட்டில் வாழையிலைத் துண்டு விரித்து, அதன்மேல் கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்த சோறு. பக்கத்தில் பொரித்த நெத்திலி, வறுத்த நிலக்கடலை, பாதியாக அரிந்த அவித்த முட்டை, வெள்ளரித் துண்டுகள், அடர் சிவப்பில் ஒரு குழம்பு. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு என்று வாசனையிலேயே தெரிந்தது. குழம்புக்கு என்ன பெயர் என்று கேட்டாள். சம்பால் என்றார். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, எண்ணெய் பிரிந்து வரும்வரை அடுப்பை விட்டு நகராமல் கிண்ட வேண்டும் என்றும், அதில்தான் எல்லாம் இருக்கிறது என்றும் சொன்னார். அவர் இவ்வளவு வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை.

அமீரகத்தின் புஜைரா துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு டயர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்தது அந்த மலேசிய உணவகம். கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களிலிருந்து இறங்கி வருகிறவர்களும், எண்ணெய்க் கிடங்குகளில் வேலை பார்க்கும் மலேசியக்காரர்களும் அங்கேதான் சாப்பிடுவார்கள். சனிக்கிழமையானால் துபாயிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காரெடுத்துக்கொண்டு வருவார்கள். முதலாளி ஹபீப் முகம்மது பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். எழுபது வயதிருக்கும். அவருடைய முன்னோர்கள் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறியவர்கள் என்பதால் தமிழ் பேசுவார்.

அந்தக் கடையில் பத்தொன்பது வருஷமாக அழகுமலை இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் இளையான்குடிப் பக்கத்து ஊருக்கு வருவார். வந்தால் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ராக்கம்மா வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போவார். உப்பு குறைந்தாலும் சொன்னதில்லை. மகள் அகிலா கல்யாணமாகிப் போனபின், வீட்டில் தனியாக இருக்கிற அம்மாவை ஒரு மாசமாவது அப்பாவோடு இருந்துவிட்டு வா என்று நச்சரித்து விசிட் விசா எடுக்க வைத்தாள். வந்து இன்றைக்குப் பதினோராவது நாள். இத்தனை நாளும் கடைக்கு மேலிருந்த அறையில் அவள்தான் சமைத்தாள். நேற்று ரசத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு, "நாளைக்கு மதியம் சமைக்காத. கீழ வா. கஸ்டமரா வா" என்றார்.

ராக்கம்மா முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்தாள். முதலில் இனித்தது. அப்புறம் காரம் மெதுவாக ஏறியது. புளிப்பும் கூடவே வந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பக்கத்து மேசையில் நரைத்த தலையோடு ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, அழகுமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ நீளமாகச் சொன்னார். அழகுமலையும் அதே பாஷையில் பதில் சொன்னார். அவருக்கு அந்தப் பாஷை தெரியும் என்பதே ராக்கம்மாவுக்குத் தெரியாது. கல்லாவிலிருந்து வந்த ஹபீப் முகம்மது அவளிடம் குனிந்து சொன்னார்.

"கப்பல்ல சீஃப் இஞ்சினியர், தங்கச்சி. தொண்ணூறு நாளு கடல்ல கெடந்துட்டு எறங்கியிருக்காரு. ஒங்க மாஸ்டர் எந்த ஊரு, மலேசியாவுல பினாங்கா கெடாவான்னு கேக்குறாரு. ரெண்டும் இல்ல, இளையான்குடின்னு சொல்றாரு ஒங்க வீட்டுக்காரரு. இவரு நம்ப மாட்டேங்குறாரு."

அழகுமலை சிரிக்கவில்லை. தொப்பியை மட்டும் சரிசெய்துகொண்டார். ஆனால் அவருடைய முதுகு நிமிர்ந்திருந்த விதத்தை ராக்கம்மா பார்த்தாள். ஊரில், மாமனார் வீட்டு விசேஷங்களில், கடைசி வரிசை நாற்காலியில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இவரில்லை.

எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. தட்டு காலியானதும் எடுக்கக் குனிந்தார். ராக்கம்மா தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க" என்றாள். "கொழம்பும்."

எந்த வீட்டிலும் அவள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவள் இல்லை. அது அவருக்குத் தெரியும். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு இளவட்டம் மாதிரி வேகமாக உள்ளே போனார்.

அன்று மாலை நாலரை மணிக்கு, இரவுக்கான மசாலாவை அரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். சமையலறையில் அவருக்கு அடுத்த ஆளான கார்மேகம் மாடிப்படி ஏறி ஓடிவந்து கதவைத் தட்டினான். சிவகங்கைக்காரன். அவளை மதினி என்றுதான் கூப்பிடுவான். அவன் முகத்தைப் பார்த்ததும் ராக்கம்மா செருப்பைத் தேடாமல் இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் அரைமணி நேரம் பார்த்தார்கள். வெளியே வந்த டாக்டரம்மா மலையாளி. அவள் சொன்னதில் ராக்கம்மாவுக்குப் புரிந்தது பாதிதான், அதுவே போதுமாக இருந்தது. உள்ளே போய் அவருடைய பாதங்களைத் தொட்டாள். இன்னும் சூடு இருந்தது. கால் நகங்கள் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. விரல் நுனிகளில் மிளகாய்ச் சிவப்பு. அவள் சத்தம் போட்டு அழவில்லை. தரையில் உட்கார்ந்து, கட்டில் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கார்மேகம்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதான்.

அகிலாவிடம் அவளே போனில் சொன்னாள். மகள் கேட்டது ஒன்றுதான். அப்பாவை ஊருக்குக் கொண்டுவந்துவிடு. சரி என்றாள்.

ஹபீப் முகம்மது மூன்று நாள் கடையை மூடப் போவதாகச் சொன்னார். ராக்கம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். கப்பலிலிருந்து இறங்கினவர்கள் பசியோடு வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பினால் தன் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது என்றாள். கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்கவே இல்லை.

மறுநாள் காலையிலிருந்து தாள்கள். ஆஸ்பத்திரித் தாள், போலீஸ் தாள், தூதரகத்துக்கு ஒரு தாள். ஹபீப் முகம்மதும் கார்மேகமும் எல்லாவற்றுக்கும் அலைந்தார்கள். பதினோரு மணிக்கு ராக்கம்மாவை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். மனைவி கையெழுத்துப் போட்டால்தான் உடலை வெளியே எடுக்க முடியும். மறுநாள் விமானத்தில் இடம் சொல்லியாகிவிட்டது. கவுண்டரில் இருந்தவர் பெயர் அம்மார். சூடான்காரர், நிதானமான ஆள். தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினார்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றாள் ராக்கம்மா.

கார்மேகம் ஒவ்வொரு வரியாகப் படித்தான். பெயர் அழகுமலை கருப்பையா. வயது ஐம்பத்தேழு. இந்தியர். தொழில் என்று சொல்லிவிட்டு நிறுத்தினான்.

"சொல்லுங்க."

"கிளீனர்னு போட்ருக்கு மதினி. விசாவுல உள்ளதத்தான் போடுவாக."

ராக்கம்மா பேனாவைத் தாளின்மேல் வைத்தாள்.

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். அகிலாவின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டு ஆள் ஒருவர், பாஸ்போர்ட்டைப் பார்க்கலாமா என்று விளையாட்டாக வாங்கிப் புரட்டி, பந்தி நடுவில் நின்று விசாவிலிருந்த அந்த வார்த்தையை உரக்கப் படித்தார். எச்சில் தட்டு எடுக்கிற வேலையா என்று யாரோ கேட்டார்கள். அழகுமலை பாயசவாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். அன்றைக்கு அவளும் அதைத்தான் நம்பினாள். நம்பி, அவருக்காகக் கூசினாள்.

"இது தப்பு" என்றாள். "மாத்தி எழுதச் சொல்லுங்க."

ஹபீப் முகம்மது அவளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் மூன்று வருஷம் அழகுமலை கடையில் தட்டுதான் கழுவினார் என்றும், அப்போது எடுத்த விசா அது என்றும் சொன்னார். பழைய மாஸ்டர் திடீரென்று ஊருக்குப் போய்விட்ட ஒரு நாளில், யாரும் சொல்லாமலே அழகுமலை அடுப்பைப் பற்றவைத்தாராம். அன்றைக்கு ருசி பார்த்தபின் வேறு மாஸ்டரைத் தேடவே இல்லை. ஆனால் விசா புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய தொழிலே பதிவாகிக்கொண்டிருந்தது.

"அடுத்த தடவ மாத்திடலாம், அடுத்த தடவ மாத்திடலாம்னு விட்டுட்டேன், தங்கச்சி. அவரும் கேக்கல. என் தப்புதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ராக்கம்மாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் பேனாவையும் எடுக்கவில்லை. அம்மார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. கார்மேகம் அவள் காதருகில் குனிந்து, இன்றைக்குக் கையெழுத்தாகாவிட்டால் நாளை விமானம் போய்விடும், அங்கே அகிலா காத்துக்கொண்டிருக்கும் என்று கெஞ்சினான்.

"தம்பி" என்றாள் ராக்கம்மா. அவள் குரல் உயரவில்லை. "அவுக என்ன வேல பாத்தாகன்னு எனக்கே நேத்துத்தான் தெரியும். பத்தொம்பது வருசங் கழிச்சு நேத்து மத்தியானந்தான் தெரியும். இன்னைக்கி வேற ஒண்ண எழுதி வச்சு, ஆமான்னு கையெழுத்துப் போடச் சொல்றீக. எப்புடிப் போடுவேன்?"

ஹபீப் முகம்மது எழுந்து கவுண்டருக்குப் போய் அரபியில் பேசினார். வெகுநேரம் பேசினார். அம்மார் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, அந்த இடத்தை இங்கிருந்து யாராலும் மாற்ற முடியாது என்று விளக்கினார். பிறகு ராக்கம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். முதலாளி கடிதம் கொடுத்தால் அதை இதோடு இணைத்துவிடலாம். உடலோடு அதுவும் போகும். போகிற இடத்தில் முதலில் பிரிக்கிறவர்கள் அதையும் படிப்பார்கள்.

கார்மேகம் கடைக்கு ஓடிப்போய், கடையின் பெயர் அச்சடித்த தாள்களையும் முத்திரையையும் எடுத்துவந்தான். ஹபீப் முகம்மது ஆங்கிலத்தில் எழுதினார். பதினாறு வருஷம் தலைமைச் சமையல்காரர். எழுதியதைத் தமிழில் அவளுக்குச் சொன்னார். ராக்கம்மா தலையாட்டினாள். தமிழிலும் வேண்டும் என்றாள். ஊரில் அதைப் படிக்கப் போகிறவர்கள் தமிழ்தான் படிப்பார்கள்.

"எனக்குப் பேசத்தான் வரும், தங்கச்சி" என்றார் அவர். "எழுத வராது."

"நான் எழுதுறேன். நீங்க கையெழுத்து வைங்க."

எட்டாவதோடு நின்ற படிப்பு. பால் சொசைட்டி நோட்டில் பெயரெழுதுவது தவிர அவள் கையில் பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது. தாளை நேராக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள், எந்தத் தயக்கமும் இல்லாமல் அதைப் பெரிய எழுத்தில் எழுதினாள்.

'அழகுமலை புஜைராவில் மலேசியாச் சாப்பாட்டுக் கடையில் பதினாறு வருசம் சமையல் மாஸ்டராக இருந்தார். கப்பலில் வந்தவர்கள் அவர் கையால் சாப்பிட்டார்கள். மலேசியாக்காரர்களே அவரை எங்கள் ஊர்க்காரரா என்று கேட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.'

ஹபீப் முகம்மது அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுக் கீழே கையெழுத்திட்டு முத்திரையை அழுத்தினார். அம்மார் தாளை வாங்கி, தெரியாத எழுத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கிழவர் அரபியில் சொன்னார். அம்மார் அதை மற்றத் தாள்களுக்கெல்லாம் மேலே வைத்து ஸ்டேப்ளர் அடித்தார். தேவையே இல்லாமல் தன் முத்திரையையும் ஓரத்தில் குத்தினார்.

அதன்பிறகே ராக்கம்மா கையெழுத்திட்டாள்.

அடுத்த நாள் மதியம், உடலைத் துபாய்க்குக் கொண்டுபோகிற வேன் ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டது. ராக்கம்மா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் ஒரு பட்டாணியர். கார்மேகமும் கூட வருவதாகச் சொன்னான். மதியக் கூட்டத்துக்கு அடுப்பை யார் பார்ப்பது என்று கேட்டு அவனைக் கடையிலேயே இருக்கச் சொல்லிவிட்டாள். துறைமுகச் சாலை வழியாகப் போகும்படி ஹபீப் முகம்மது டிரைவரிடம் முன்பே இந்தியில் சொல்லி வைத்திருந்தார்.

வேன் கடைக்கு எதிரே ஓரமாக நின்றது. ஹபீப் முகம்மது வெளியே வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். பரிமாறுகிறவர்கள் அவர் பின்னால் வரிசையாக நின்றார்கள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நிற்பது சாலையிலிருந்தே தெரிந்தது. சிலருக்கு விஷயம் தெரியும். சிலர் மற்றவர்களைப் பார்த்து எழுந்தார்கள். சோற்றுக் கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார் ஒருவர். சம்பால் கொதிக்கிற வாசனை சாலையைத் தாண்டி வேனுக்குள் வந்தது.

ராக்கம்மா சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பெண்பிள்ளைகள். வெகுதூரம் பயணம் செய்து வந்த களைப்பு தெரிந்தது. அப்பா இறங்கி, வாசலில் நின்றவர்களையும் வேனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி ஹபீப் முகம்மதுவிடம் ஏதோ கேட்டார். இடம் இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். கிழவர் வேன் பக்கம் திரும்பி ராக்கம்மாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

அவர் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். பிள்ளைகள் முதலில் உள்ளே போனார்கள்.

டிரைவர் சாவியில் கையை வைத்துக்கொண்டு புறப்படலாமா என்று கேட்டார். கொஞ்சம் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள் ராக்கம்மா. ஜன்னலோர மேசையில் அவர்கள் நாலு பேரும் உட்கார்ந்து, சின்னவள் நாற்காலியில் முட்டிபோட்டு ஏறி, முன்னால் தட்டு வரும்வரை ராக்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகலாம்" என்றாள்.