வெள்ளை நரம்பு

கதிர் விட்டிருந்தால் எந்தப் புல் என்று யாரும் சொல்லிவிடலாம். மாட்டுக்கு நல்ல தீனியான இந்தியன் புல்லுக்குப் பொன்னிறக் கதிர். ஜான்சன் புல்லுக்குக் கருஞ்சிவப்பில் விரிந்த கதிர். அந்தக் கோடையில் கான்சஸ் குன்றுகளில் மழையே இல்லை. எந்தப் புல்லும் கதிர் தள்ளவில்லை. எங்கள் மேய்ச்சல் நிலத்திலோ வெறும் மண். மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

பக்கத்து நிலத்தில் முழங்காலளவு பச்சை இருந்தது. மேய்த்துக்கொள்ளுங்கள் என்று நிலத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். என் கணவர் ஆர்லன் கேட்டைத் திறக்கப் போனார்.

"பார்த்துட்டேன் லவோன், எல்லாம் இந்தியன் புல்லுதான்."

"கேட்டுப் பக்கத்துல பார்த்தீங்க. பள்ளத்துல பார்த்தீங்களா?"

"மாடு பசியில கத்துது, நீ புல்லுக்கு ஜாதகம் பாக்கற!"

திறந்துவிட்டார். அந்த மனிதரின் அவசரம் எனக்குத் தெரியாதா? நான் பள்ளத்துக்கு ஓடி ஒரு புல்லைப் பிடுங்கினேன். இந்தியன் புல்லாக இருந்தால் இலை தண்டோடு சேருமிடத்தில் இரண்டு சின்னக் கொம்புகள் நிற்கும், துப்பாக்கியில் குறிபார்க்கும் பிளவு போல. இதில் கொம்பு இல்லை. இலை நடுவே தடித்த வெள்ளை நரம்பு ஓடியது. அடுத்ததிலும் அதேதான். வறட்சியில் குட்டையாகிப்போன ஜான்சன் புல்லில் விஷம் ஏறியிருக்கும், மாட்டை நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும். புல்லை வீசிவிட்டுக் கத்தினேன்.

"ஏங்க! ஓட்டுங்க, வெளிய ஓட்டுங்க!"

அதற்குள் ஒரு கிடேரி கால் நடுங்கி விழுந்துவிட்டது. ஆர்லன் கத்தினார், தொப்பியால் அடித்தார். ஒரு மாடும் தலை தூக்கவில்லை. பட்டினி கிடந்ததுக்கு அடி உறைக்குமா?

நான் கேட்டருகே நின்ற எங்கள் தீவன வண்டிக்கு ஓடி ஹாரனை அழுத்தினேன். பனிக்காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் தீவனக் கட்டி கொட்டுவோம். மாடுகளுக்கு அது தெரியும். அத்தனை தலையும் நிமிர்ந்தன. துள்ளிக்கொண்டு வண்டியின் பின்னால் வந்தன. பாவம், என்னை நம்பி வந்தன.

கேட்டைத் தாண்டி வெளியே கொண்டுவந்தேன். ஆர்லன் கேட்டைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் ஏறினார். அழுதுகொண்டிருந்தார்; கிடேரி உள்ளேயே கிடந்தது. மாடுகள் சுற்றி நின்று காலி வண்டியை முகர்ந்தன. ஒன்று ஜன்னலுக்குள் முகத்தை நீட்டி என் முழங்கையை நக்கியது.

"பின்னாடி ஒண்ணுமே இல்லையேடி."

"தெரியும். இங்கயே நின்னா வேலிய உடைச்சுக்கிட்டு உள்ள போயிடும்."

"அப்ப எங்க கூட்டிட்டுப் போறது?"

வண்டியைக் கிளப்பி மறுபடியும் ஹாரனை அழுத்தினேன்.