பிள்ளையைத் தூக்கிய கை

விபத்துக்குப் பிறகு இளவழகன் ஒரு தப்பும் செய்யவில்லை. அதை அவனுடைய வக்கீல் வானதியே ஒப்புக்கொண்டார். குறுவை அறுப்பு முடிந்து பாபநாசம் சாலையில் மொபெட்டில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவனை, எதிரே பஸ்ஸை முந்தப் பார்த்த கார் ஒன்று அடித்து வாய்க்கால் ஓரம் தூக்கிப் போட்டது. கார்க்காரர் நல்ல மனிதர்தான். ஆஸ்பத்திரிச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், போலீஸ், கேஸ் எல்லாம் எதற்கு என்றும் கையைப் பிடித்துக் கெஞ்சினார். இளவழகனின் மனைவி மேகலா அசைந்து கொடுக்கவில்லை. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். போட வைத்தாள். எக்ஸ்ரே முதல் மாத்திரைச் சீட்டு வரை ஒரு துண்டுக் காகிதம் விடாமல் சேர்த்து வைத்தாள்.

வலது தோளில் எலும்பு கூடிவிட்டது. நரம்புதான் கூடவில்லை. முழங்கைக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. கையை மடக்கலாம், நெஞ்சு உயரத்துக்குத் தூக்கலாம், அவ்வளவுதான். பதினோரு வருஷம் நெல் அறுவடை மெஷின் ஓட்டியவன் அவன். பிடிமானம் இல்லாத கையை வைத்துக்கொண்டு எந்த மெஷினில் ஏறுவது? மருத்துவக் குழு நாற்பது சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்தது. இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தால் நாலு மாடு வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் மேகலாவின் நடவுக் கூலியில்தான் இனி வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அது அவனுக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது.

வானதி ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீங்க. பிசியோதெரபிக்கு ஒரு நாள்கூட மட்டம் போடாதீங்க. போன்ல ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. தெரியாத ஆள் வந்து எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லிடாதீங்க."

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். எங்கள் பக்கத்து ஆளிடம் போய் இதைச் சொல்லலாமா? இழுத்துக்கொண்டு கிடப்பவனைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன், நீங்க சாப்டீங்களா" என்றுதான் பதில் வரும். ஆனாலும் இளவழகன் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கடைப்பிடித்தான். பாதை தவறியது காதுகுத்தில்தான்.

அவனுடைய ஒரே தங்கை பூவிழி. அவள் மகள் தமிழ்நிலாவுக்கு மூன்று வயதில் காது குத்த வைகாசியில் நாள் குறித்தார்கள். தாய்மாமன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு கோயில் வாசலிலிருந்து மணை போட்ட இடம் வரை நடக்க வேண்டும். பிறகு மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். இடது கையில் தூக்கிக்கொள்ளுங்கள் என்று மேகலா சொல்லிப் பார்த்தாள். "நல்ல காரியத்துக்கு இடது கையா?" என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தான். வலி மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு, பதின்மூன்று கிலோ பிள்ளையை வலது கையில் ஏந்தி, தோளில் போட்ட பட்டுத்துண்டு முழங்கால் வரை தொங்க, தலை நிமிர்ந்து நடந்தான். நாற்பது தப்படி. தோள் தெறித்தது. ஆனாலும் விடவில்லை.

அன்றைக்கு அவனுக்கு இருந்த ஒரே எரிச்சல் தங்கை புருஷன் பரிதி. நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் வேலை, எந்நேரமும் சீவிய தலை, கேமராவைக் கண்டால் போதும், சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொள்வான். நடந்த தூரம் முழுக்க இளவழகனின் வலது தோளை இடித்துக்கொண்டே வந்தான். "வீடியோவுல முகம் விழணும்னு மாப்ள என்ன ஒட்டு ஒட்டுறாரு பாத்தியா?" என்று மேகலாவிடம் அன்றே சொல்லி அலுத்துக்கொண்டான். மேகலா சீர் தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.

இளவழகன் வாக்கு மாறாமல் தன் போனில் எதுவும் வைக்கவில்லை. ஆனால் வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரன் தாய்மாமன் பாட்டு ஒன்றைச் சேர்த்து, இருபத்தெட்டு விநாடிக்கு வெட்டி, தன் கடைப் பக்கத்தில் ரீல்ஸாகப் போட்டுவிட்டான். வானதிக்குத் தெரியாமல் இளவழகன் அதை எத்தனை தரம் பார்த்தான் என்று அவனுக்கே கணக்குத் தெரியாது. டீக்கடையில், ஆற்றங்கரையில், நடவு வயலில் யார் அகப்பட்டாலும் சொன்னான்: "இந்தக் கையாலதான். ஒத்தக் கையால." எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அந்த வருஷத்தில் அவன் உருப்படியாகச் செய்ததாக நினைத்த காரியம் அது ஒன்றுதான். நினைக்கும்போதெல்லாம் பாதி ஆள் முழு ஆளானான்.

மறு வருஷம் ஆடியில் தஞ்சாவூர் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் தியாகேசன் வயதானவர், அதட்டத் தெரியாதவர். சிரித்த முகமாகவே ஒரு லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். மேளச் சத்தம் கேட்டது.

"இது நீங்கதானே?"

"ஆமாங்க."

"பாசமான தாய்மாமன். பிள்ளையத் தூக்கியிருக்கிறது எந்தக் கை?"

"வலது கைங்க."

"கூட யாரும் பிடிக்கலையே? நீங்களேதான் தூக்கினீங்களா?"

நிறுத்திப் பேசியிருக்கலாம். கையின் நிலைமையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீதிபதியும் கூடியிருந்த ஜனமும் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்க, இளவழகனின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. "யாரும் பிடிக்கலைங்க. நான்தான் தூக்கினேன்."

"போதும் ஐயா" என்று தியாகேசன் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் வானதி கேஸ் ஃபைலை மூடினார். "ரெண்டு வருஷ உழைப்பை ஒரே வார்த்தையில கவுத்துட்டீங்க. டாக்டர் பொய் சொல்றாரா, நீங்க பொய் சொல்றீங்களான்னுதான் இப்ப கேப்பாங்க. உண்மையைச் சொல்லுங்க, எப்படித் தூக்கினீங்க?"

"சத்தியமாத் தெரியாதுங்க மேடம். தூக்கினேன். அவ்வளவுதான்."

"அப்ப முழு வீடியோவ வாங்கிட்டு வாங்க. வெட்டாதது."

இளவழகன் கோர்ட் வாசலிலிருந்தே தங்கைக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னான். முழு வீடியோ என்றதும் அவள் தடுமாறினாள். ஸ்டுடியோவில் அழித்துவிட்டார்களாம் என்றாள். மறுநாள் காலையில் புருஷனையும் கூட்டிக்கொண்டு அவளே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. பரிதி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கையில் பென் டிரைவ்.

"மச்சான், கோவப்படாமக் கேக்கணும்."

"சொல்லுங்க மாப்ள."

"அன்னிக்கு நிலாவ நீங்க தூக்கல. நான் தூக்கினேன்."

இளவழகனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு தங்கை முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"நான்தாண்ணே செய்யச் சொன்னேன்" என்றாள் பூவிழி. "இடது கையில தூக்க நீ ஒத்துக்கலைன்னு அண்ணி சொன்னாங்க. உன்னை வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. பிள்ளையும் விழுந்துடக் கூடாது. துண்டுக்கு அடியில கையக் குடுத்துப் புடிச்சுக்கிட்டே வாங்க, அண்ணனுக்குத் தெரிய வேணாம்னு இவர்கிட்ட சொன்னேன். உனக்கு அந்தக் கையில உணர்ச்சி கிடையாதுல்ல, அதான்."

அவன் மேகலாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும்!

"பின்னால எத்தனை பேர் வந்தாங்க?" என்று கேட்டான்.

"ஒரு அம்பது பேர் இருக்கும், மச்சான்."

"பாத்தாங்களா?"

பரிதி பென் டிரைவை விரலில் உருட்டினான். "எல்லாரும் பாத்தாங்க."

இளவழகன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். காதெல்லாம் சுட்டது. டீக்கடை, ஆற்றங்கரை, நடவு வயல் என்று ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. ஒத்தக் கையால என்று அவன் கையை உயர்த்திக் காட்டியபோது தலையாட்டிய முகங்கள். பின்னால் நடந்து வந்து கண்ணால் பார்த்தவர்கள்தான் அத்தனை பேரும். ஒருவர் வாய் திறக்கவில்லை. ஒருவர் சிரிக்கவில்லை. முதலில் அவமானமாக இருந்தது, எல்லோரும் சேர்ந்து தன்னைச் சின்னப் பிள்ளையாக்கிவிட்டார்கள் என்று கோபமாக இருந்தது. சாயங்காலம் வரை அங்கேயே நின்றான். சோறு வேண்டாம் என்றான்.

மறுநாள் வானதியின் அலுவலகத்தில் வீடியோவைப் போட்டார்கள். பக்கவாட்டிலிருந்து இன்னொரு கேமராவில் எடுத்தது. பட்டுத்துண்டு காற்றில் விலகும்போது தெரிந்தது. பரிதியின் கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது. அது தாங்கியது பிள்ளையை மட்டுமல்ல. இளவழகனின் கையையும் அடியில் சேர்த்துத் தாங்கியிருந்தது. அதற்கு மேலே அவனுடைய விரல்கள் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. நடுவில் பரிதி ஒரு தரம் கல்லில் இடறினான். விழப்போனவன் பல்லைக் கடித்துச் சமாளித்துக்கொண்டு, முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டான். அந்தச் சிரிப்பைத்தான் கேமராவுக்குக் காட்டும் சிரிப்பு என்று இளவழகன் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தான்.

"இதைக் குடுத்தா கேஸ் நிக்கும்" என்றார் வானதி. "ஆனா நீங்க மறுபடி கூண்டுல ஏறணும். அன்னைக்குச் சொன்னது தப்புன்னு உங்க வாயால சொல்லணும். இது உங்க விஷயம். வேணாம்னா வேற வழி இருக்கான்னு பாக்கிறேன். இருக்கும்னு தோணல."

இரண்டு நாள் அவகாசம் கேட்டான். மேகலா விடியுமுன் நடவுக்குப் போய்ச் சேறு காய்ந்த காலோடு திரும்புவதை அந்த இரண்டு நாளும் பார்த்தான். அதற்காகவே கூண்டில் ஏறலாம், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் மனசு ஒட்டவில்லை. கூண்டில் ஏறினால் அந்த நாற்பது தப்படியும் போய்விடும். வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்கொள்ள வைத்திருந்த ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் ஆளாக வெளியே வரவேண்டும். இதையே போட்டு உழப்பிக்கொண்டிருந்தவனுக்கு இரண்டாம் நாள் மத்தியானம் வேறொன்று உறைத்தது. தூக்கியவன் ஒருத்தன் இருக்கிறான். ஒரு வருஷத்துக்கு மேலாக அவன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. ஒட்டிக்கொண்டு வந்தான் என்ற பேச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டான். இளவழகன் போனை எடுத்து வானதியைக் கூப்பிட்டான்.

தீர்ப்பு தீபாவளிக்கு முன்பு அவன் பக்கமாகத்தான் வந்தது. நாற்பது சதவீதத்தையும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இளவழகனைக் கேட்டால் வழக்கு முடிந்தது அவன் இரண்டாம் தரம் கூண்டில் ஏறிய அன்றைக்கே என்பான்.

அன்று வீடியோ ஓடி முடிந்ததும் தியாகேசன் எழுந்தார். "உங்க கைக்கு அடியில இன்னொருத்தர் கை இருந்தது உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"தெரியலைங்க. அந்தக் கையில எனக்கு எதுவுமே தெரியாதுங்க."

தியாகேசன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நீதிபதி தட்டச்சரைப் பார்த்து வாக்குமூலத்தை நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "குழந்தையை நான் தூக்கியதாக முன்பு சொன்னது என் நம்பிக்கையின் பேரில் சொன்னது. வீடியோவைப் பார்த்த பிறகு, நான் தூக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். என் வலது கையால் குழந்தையைத் தூக்க இயலாது." நிமிர்ந்து, "சரிதானா?" என்றார்.

"சரிதாங்க" என்றான் இளவழகன். "ஐயா, இன்னும் ஒரு வரி சேக்கணுங்க."

"என்ன வரி?"

அவன் சொன்னான். கேஸுக்கு அது தேவையில்லையே என்றார் தியாகேசன், சண்டைக்காகச் சொல்லவில்லை. வானதியும் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"எனக்குத் தேவைங்க" என்றான் இளவழகன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பின் பெஞ்சில் பூவிழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை ஒரு தரம் பார்த்தார். பிறகு தட்டச்சர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"என் தங்கையின் கணவர் பரிதி என்பவர், எனக்குத் தெரியாமல், கோயில் வாசலிலிருந்து மணை வரை, குழந்தையையும் என் கையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு வந்தார்."